நாற்காலி இல்லாத நூல் நிலையம்

நூல் நிலையம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது என்ன? அலமாரிகள், அவற்றிலே அணிவகுத்து நிற்கும் ஏடுகள், நீண்ட மேசை, அதனைச் சுற்றி நாற்காலிகள், அவற்றிலே அமர்ந்து, ஊரை மறந்து உலகைப் படித்துக்கொண்டிருக்கும் மக்கள். ஏழை ஊரிலே நாற்காலி இல்லாதிருக்கலாம். பாய் விரித்துப் படிப்பார்கள்; திண்ணையிலே அமர்ந்து படிப்பார்கள். அதிலே இழிவில்லை. ஆனால் செல்வம் கொழிக்கும் நாட்டிலே, நல்ல நிலையிலிருந்த நாற்காலிகளையும் மேசைகளையும் தன் கையாலேயே அப்புறப்படுத்திவிட்டு, 'வேண்டிய ஏட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடவுங்கள், இங்கே எவரும் உட்காரக் கூடாது' என்று ஆணையிட்டது ஒரு நகரம். ஆண்டு 1960. நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. மாநிலம் வர்ஜீனியா. நகரத்தின் பெயர் டான்வில்.

நாற்காலி என்ன குற்றம் செய்தது? எதுவுமில்லை. அதிலே நாளை ஒரு கருப்பு மாணவன் அமரக்கூடும்; அவனுக்குப் பக்கத்து நாற்காலியிலே ஒரு வெள்ளைச் சிறுமி அமரக்கூடும்; அவ்வளவுதான்!

டான்வில் நூல் நிலையம் சாதாரணக் கட்டடத்தில் நடக்கவில்லை. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போர் தொடுத்த தென்மாநிலக் கூட்டரசின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ், 1865 ஏப்ரலில், தலைநகரம் விழுந்ததும் ஓடிவந்து தங்கிய மாளிகை அது. கூட்டரசின் கடைசித் தலைநகரம் என்று அந்த ஊரார் அதனைப் பெருமையுடன் போற்றினர். அந்த மாளிகையின் வாயிற்படியை 1960 ஏப்ரலில் கருப்பின மாணவர்கள் மிதித்தனர். ஏடு கேட்டனர். நூல் நிலையத்தை மூடினார்கள். மாணவர் பக்கம் வழக்கு மன்றம் சென்றது. எல்லோரையும் அனுமதிக்க வேண்டுமென மன்றம் ஆணையிட்டது. நகராட்சி என்ன செய்தது? எல்லோருக்கும் திறப்பதைவிட எவருக்குமே திறக்காதிருப்பது மேல் என்று கதவைச் சாத்தியது! ஊராரிடம் வாக்குக் கேட்டது. மூடியே இருக்கட்டும் என்று பெரும்பான்மை வாக்களித்தது. தன் பிள்ளைகளின் ஏட்டையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டது. வெறி என்பது தன் கண்ணையே குத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? செப்டம்பரில் மீண்டும் திறந்தபோதுதான் நாற்காலிகள் காணாமற்போயின. உறுப்பினர் அட்டைக்குக் கட்டணமும் புதிதாய் முளைத்தது.

ஏட்டுக்கு ஏன் இவ்வளவு அச்சம்? அதனை அறிய, அந்நாட்டு வரலாற்றிலே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தென்கரோலைனா 1740-லேயே சட்டம் செய்தது, அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது குற்றம் என்று. 1831-ல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமை கிளர்ச்சி செய்தார். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு தென்மாநிலங்கள் பலவற்றிலே கருப்பருக்கு எழுத்தறிவித்தலைத் தடுக்கும் சட்டங்கள் கடுமையாயின. படித்தவன் கேள்வி கேட்பான் என்பது ஆதிக்கக்காரனுக்குப் புத்தகம் படித்து வந்த அறிவன்று. பழக்கத்தால் வந்த அறிவு. பால்டிமோர் நகரிலே பிரடெரிக் டக்ளஸ் என்ற அடிமைச் சிறுவனுக்கு அவன் எசமானி அகரம் கற்பிக்கத் தொடங்கினாள். கணவன் கண்டான்; தடுத்தான். படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும் என்று மனைவிக்கு அறிவுரை சொன்னான். சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். விடுதலைக்கு வழி எது என்பதை எசமானனே சொல்லிவிட்டானே! அதன் பிறகு தெருவிலே ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து, அதற்கு ஈடாக எழுத்தை வாங்கிக்கொண்டான். பின்னாளில் தப்பியோடி, அடிமை முறையைச் சாடும் பேச்சாளராக, எழுத்தாளராக, ஏட்டாசிரியராக உலகறிய நின்றவர் அவரே.

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. சட்டப் புத்தகத்திலே ஒழிந்தது என்று சொல்வது பொருத்தம். 1896-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பிரித்து வைக்கலாம், ஆனால் சமமாக வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிரித்தல் மட்டும் நடந்தது. சமம் ஏட்டிலே தங்கிவிட்டது.

பொது நூல் நிலைய இயக்கம் அந்நாட்டிலே வளர்ந்ததும் இதே காலத்தில்தான். வரிப் பணத்தில் மக்களுக்கு இலவச நூல் நிலையம் என்ற எண்ணத்தை 1833-ல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்துப் பீட்டர்பரோ என்ற சிற்றூர் நடைமுறைப்படுத்தியது. 1854-ல் பாஸ்டன் பொது நூல் நிலையம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் பின்னாளையக் கட்டடத்தின் வாயிலிலே, எல்லோருக்கும் இலவசம் என்று கல்லிலே பொறித்தார்கள். நல்ல சொல்! 'எல்லோருக்கும்' என்ற அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்பதில்தான் அடுத்த நூறு ஆண்டுச் சண்டை.

கார்னெகி என்ற இரும்பரசரை நாம் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஸ்காட்லாந்திலே ஏழை நெசவாளி வீட்டில் பிறந்து, 1848-ல் அமெரிக்கா வந்து, தந்தி அலுவலகத்திலே செய்தி சுமக்கும் பையனாக வேலை பார்த்தவர். ஆண்டர்சன் என்ற பெரியவர் தம் வீட்டு நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். பின்னர் அந்த நூல் நிலையம், தொழில் பழகும் சிறுவர்க்கு மட்டுமே இலவசம், மற்றவர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று கதவைக் குறுக்கியது. சிறுவன் கார்னெகி செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதிப் போராடி வென்றான். பிறகு கோடீசுவரரானதும் உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூல் நிலையங்களுக்குப் பணம் தந்தார். கட்டடம் நான் தருகிறேன்; நிலம் நீ தா; ஆண்டுதோறும் நன்கொடையில் பத்திலொரு பங்கை நடத்தும் செலவுக்கு நீயே ஒதுக்கு என்பது அவர் வைத்த நிபந்தனை. சூழ்ச்சியில்லாத, அறிவுள்ள நிபந்தனை. ஊர்வரி கொடுக்கும் மக்கள் அதைத் தம் உடைமையாக எண்ணுவர் அல்லவா?

இதே கார்னெகியின் ஹோம்ஸ்டெட் உருக்காலையிலே 1892-ல் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது கூலிப்படை ஏவப்பட்டு உயிர்கள் பலியானதையும் நாம் மறப்பதற்கில்லை. ஆறாண்டு கழித்து அந்தத் தொழிலாளர்க்கும் ஒரு நூல் நிலையம் கட்டித் தந்தார். நாளெல்லாம் உலையிலே வெந்தவன் எந்த நேரத்திலே படிப்பான் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வள்ளன்மையின் கணக்கு எப்போதும் இப்படித்தான். ஒரு பக்கத்தைத்தான் காட்டும்.

அவர் பணத்திலே 1902-ல் அட்லாண்டா நகரில் அழகிய நூல் நிலையம் திறக்கப்பட்டது. திறப்பு நாளன்று ஒரு தூதுக்குழு அறங்காவலரைச் சந்தித்தது. தலைமை தாங்கியவர் அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ், ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கருப்பர். எங்கள் வரியும் இதிலே சேர்ந்திருக்கிறது, எங்களுக்கு ஏன் கதவடைப்பு என்று கேட்டார். பேராசிரியர்க்கே இடமில்லை! உங்களுக்குத் தனியாக ஒன்று பார்க்கலாம் என்றனர். 'பார்க்கலாம்' என்ற அந்தச் சொல் நிறைவேறப் பத்தொன்பது ஆண்டு பிடித்தது. 1921-ல்தான் கருப்பினத்தார்க்கென ஒரு கிளை திறந்தது. பிறந்த குழந்தை வளர்ந்து வேலைக்குப் போய்விட்டது, அதற்குள். இதே டுபாய்ஸுக்கு 1946-ல் டாக்டர் அம்பேத்கர் ஒரு கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையிலே கருப்பின மக்களின் குறையை முறையிடும் முயற்சி பற்றிக் கேட்டிருந்தார். கடல் கடந்தும் ஒரு நோயாளியை மற்றொரு நோயாளி அடையாளம் கண்டுகொண்டார்.

தனிக் கிளை கிடைத்த ஊர்களிலே நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கெண்டக்கி மாநிலம் லூயிவில் நகரிலே 1905-ல் வாடகை அறையிலே தொடங்கிய கருப்பினத்தார் கிளை, 1908-ல் கார்னெகி பணத்தால் தனிக் கட்டடம் கண்டது. அதன் தலைவர் தாமஸ் பவுண்டன் புளூ, குழந்தைகளுக்குக் கதை சொன்னார். பேச்சுப் போட்டி நடத்தினார். தென்மாநிலங்களிலிருந்து வந்த கருப்பின இளைஞர்களுக்கு நூலகப் பணி பழக்கினார். ஒதுக்கி வைத்த மூலையை ஒளிவீசும் இடமாக மாற்றினார் அவர். அதற்காக அவரைப் போற்றுவோம். ஒதுக்கியவரைப் போற்ற மாட்டோம். பெரும்பாலான ஊர்களிலே அந்த மூலையும் இல்லை. கருப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கோ, வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்துக் கழித்த ஏடுகள் வந்து சேர்ந்தன. பழைய சோறு போல, பழைய பாடம்!

ரிச்சர்டு ரைட் என்ற எழுத்தாளர் தம் இளமையைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தவர்க்கு இந்தக் கொடுமையின் உட்புறம் தெரியும். டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில், கண்ணாடி செய்யும் நிறுவனத்தில் எடுபிடி வேலை. மென்கன் என்ற வெள்ளை எழுத்தாளரைத் தென்னாட்டுச் செய்தித்தாள் ஒன்று திட்டித் தலையங்கம் எழுதியதைக் கண்டார். தம்மைப் போன்றவரைத் திட்டுவோர், ஒரு வெள்ளையரையே திட்டுகிறார்களே, அப்படி என்ன எழுதியிருப்பார் என்று ஆவல். நூல் நிலையத்திலே கருப்பருக்கு ஏடில்லை. உடன் வேலை பார்த்த ஓர் ஐரிசுக் கத்தோலிக்கர், தாமும் தென்னாட்டாரால் வெறுக்கப்பட்டவர், தம் அட்டையைத் தந்தார். அந்த வெள்ளையர் எழுதியது போல் ரைட்டே ஒரு சீட்டு எழுதினார். எழுதியவன் கருப்பன் என்ற ஐயம் வராதிருக்க, அந்தச் சீட்டிலே தம்மைத் தாமே இழிசொல்லால் குறிப்பிட்டுக்கொண்டார்! ஏடு கொடுத்த அம்மையார் ஐயத்தோடு பார்த்து, இதை நீயா படிக்கிறாய் என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது அம்மா என்றார் பின்னாளிலே உலகப் புகழ்பெறப் போகும் அந்த எழுத்தாளர். ஒரு ஏட்டைப் பெற, தன் மானத்தையும் அறிவையும் வாயிற்படியிலே கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

சீட்டு எழுதிச் செல்லும் வழி ஒருவருக்குப் போதும். ஓர் இனத்துக்குப் போதாது. நேர் வழியே செல்வோம் என்று முடிவு செய்தவர் சாமுவேல் வில்பர்ட் டக்கர். வர்ஜீனியாவின் அலெக்சாந்திரியா நகரத்துக்காரர். பழங்கால எகிப்திலே எரிந்துபோன பெரும் நூல் நிலையத்தின் ஊர்ப் பெயரும் இதுதான். பெயர்ப் பொருத்தம் பாருங்கள்! அந்த ஊரிலே கருப்பினத்தார்க்கு உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆகவே ஆற்றைக் கடந்து வாஷிங்டன் சென்று படித்தார். சட்டக் கல்லூரி வாயிலை மிதிக்காமல் தாமே படித்து, இருபது வயதிலே வழக்கறிஞர் தேர்விலே வென்றார். தம் வீட்டுக்குச் சில தெருக்கள் தள்ளி, நகரத்தின் புதிய நூல் நிலையம் 1937-ல் திறந்ததைக் கண்டார். ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரை அழைத்துச் சென்று உறுப்பினர் அட்டை கேட்டார். மறுத்தனர். வழக்குத் தொடுத்தார்.

வழக்கோடு நிற்கவில்லை. 1939 ஆகஸ்டு 21. ஐந்து இளைஞர்களுக்கு டக்கர் பயிற்சி கொடுத்திருந்தார். நல்ல உடை உடுத்துங்கள், ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள், பணிவோடு அட்டை கேளுங்கள், மறுத்தால், அலமாரியிலிருந்து ஓர் ஏட்டை எடுங்கள், தனித்தனி மேசையிலே அமருங்கள், பேசாதீர்கள், படியுங்கள். அவ்வளவுதான் போராட்டத் திட்டம்! கல்லில்லை, கொடியில்லை, முழக்கமில்லை. ஐந்து பேர் வாய் திறவாமல் படித்தார்கள். நூலகத்தார் கதிகலங்கினர். போலீசார் வந்தனர். வெளியே நூற்றுக்கணக்கில் மக்கள் கூடியிருந்தனர். டக்கர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்த புகைப்படக்காரர் காத்திருந்தார். கையிலே தொப்பியோடு, நேர்த்தியான உடையிலே, போலீசார் சூழ நடந்துவரும் அந்த இளைஞர்களின் படம் இன்றும் இருக்கிறது. ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. நூல் நிலையத்திலே ஓசையின்றிப் படிப்பது ஒழுங்கீனமென்றால், ஒழுங்கு எது?

நீதிபதி தீர்ப்பே சொல்லவில்லை, இழுத்தடித்தார். நகராட்சி அதற்குள் வேறு தந்திரம் செய்தது. 1940-ல் கருப்பினத்தார்க்கென்று சிறு கட்டடம் ஒன்றை அவசர அவசரமாகக் கட்டி, பழைய ஏடுகளை நிரப்பி, இதோ உமக்கு அட்டை என்றது. டக்கர் அந்த அட்டையை வாங்க மறுத்துக் கடிதம் எழுதினார். ஊரிலே பலர் அந்தக் கிளையை வரவேற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பசித்தவனுக்குக் கிடைத்தது கஞ்சி. ஆனால் விருந்து மண்டபத்திலே என் இலைக்கு நானும் பணம் கொடுத்தேன் என்று சொல்லிக் கஞ்சியைத் தள்ளியவர் ஒருவராவது இருந்தாரே, அந்த ஒருவரால்தான் வரலாறு நகர்ந்தது. அந்த ஐவர்மீதிருந்த குற்றச்சாட்டை அலெக்சாந்திரியா நீதிமன்றம் முறைப்படி தள்ளுபடி செய்தது எப்போது? 2019-ல்! எண்பது ஆண்டு கழித்து.

அமைதியாகப் படித்தல் என்ற அந்த ஆயுதம் இருபது ஆண்டுக்குப் பிறகு மாணவர் கைக்கு வந்தது. 1960 ஜூலையில் தென்கரோலைனாவின் கிரீன்வில் நகரிலே எட்டு மாணவர் நூல் நிலையத்துள் சென்று கைதாயினர். அவர்களுள் ஒருவர் ஜெசி ஜாக்சன். பின்னாளில் குடியரசுத் தலைவர் பதவிக்கான வேட்பாளர் போட்டியிலே நின்றவர். அங்கேயும் செப்டம்பரில் நூல் நிலையத்தை மூடிப் பார்த்தார்கள். அந்த மாதமே திறக்க நேர்ந்தது.

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில், 1961 மார்ச் 27 அன்று டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பது பேர் செய்ததைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் கருப்பினத்தார் கிளைக்குச் சென்றனர். அங்கே இல்லை என்று தமக்கு முன்பே தெரிந்த ஏடுகளைக் கேட்டனர். இல்லை என்ற விடையைப் பெற்றுக்கொண்டு, தலைமை நூல் நிலையம் சென்று அதே ஏடுகளைத் தேடினர். பிரித்தும் சமமாக வைத்திருக்கிறோம் என்ற வாதத்தை இரண்டு கட்டடங்களுக்கிடையே நடந்தே உடைத்துவிட்டார்கள்! சிற்றுண்டிச் சாலைக்காரன், இது என் சொந்தக் கடை என்று வாதாடலாம். நூல் நிலையத்துக்கு எசமானன் யார்? வரி கொடுப்பவன். நால்வர் பெண்கள், ஐவர் ஆண்கள்; அனைவரையும் சிறையிலடைத்தனர். நூறு டாலர் அபராதம். முப்பது நாள் சிறை, நிறுத்தி வைக்கப்பட்டது. அவர்களை வாழ்த்த நீதிமன்றத்து வாயிலிலே கூடிய மக்கள்மீது போலீசார் தடியடி நடத்தினர், நாய்களை ஏவினர். மூன்றாண்டு கழித்து, 1964 மேயில், இதே ஜாக்சன் நகரத்து உணவு விடுதி ஒன்றிலே நம் நாட்டு ராம் மனோகர் லோகியா தோல் நிறத்துக்காகத் தடுக்கப்பட்டுக் கைதானார். அமெரிக்க அரசு பிறகு வருத்தம் தெரிவித்தது. விருந்தாளிக்கு வருத்தம் தெரிவித்தவர்கள், வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிவிக்கவில்லை.

1963 செப்டம்பர் 15, ஞாயிறு. அலபாமாவின் ஆன்னிஸ்டன் நகரிலே, நகர அதிகாரிகளின் ஒப்புதலோடுதான் இரண்டு கருப்பினப் பாதிரிமார்கள் நூல் நிலையத்துக்குச் சென்றார்கள். வாயிலிலே வெறிக் கும்பல் அடித்து நொறுக்கியது. அதே நாளிலே, அதே மாநிலத்துப் பர்மிங்காமில், தேவாலயத்திலே வெடிகுண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றனர். தொழுகைக் கூடமும் தப்பவில்லை, படிப்புக் கூடமும் தப்பவில்லை. மறுநாள் ஆன்னிஸ்டன் பாதிரிமார்கள் மீண்டும் சென்றனர்; இம்முறை நகரத் தலைவர்கள் உடன் நடந்தனர்; உள்ளே நுழைந்தனர்.

நாற்காலிக் கதைக்குத் திரும்புவோம். டான்வில் தந்திரம் தனித் தந்திரமாக நிற்கவில்லை. 1962-ல் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரிலும், நீதிமன்றம் நூல் நிலையத்தை எல்லோருக்கும் திறக்கச் சொன்னதும், நாற்காலிகள் மறைந்தன. நின்றால் சேர்ந்து நிற்கலாம். உட்கார்ந்தால் சேர்ந்து உட்காரக் கூடாது! கீழே நின்றுகொண்டு வழிபடு, படியேறாதே என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நாட்டவர் நாம். நமக்கு இந்த வேடிக்கை புதிதாகத் தோன்றாது.

கிளிண்டன் என்பது லூசியானா மாநிலத்துச் சிற்றூர். அந்த வட்டாரத்திலே சிற்றூர்களுக்கு ஏடு கொண்டுசெல்ல இரண்டு வண்டிகள். சிவப்பு வண்டி வெள்ளையர்க்கு. நீல வண்டி கருப்பர்க்கு. கருப்பர் அட்டையிலே 'நீக்ரோ' என்று முத்திரை. 1964 மார்ச் 7 அன்று ஹென்றி பிரௌன் என்ற இளைஞரும் நண்பர் நால்வரும் நூல் நிலையத்துள் வந்தனர். பிரௌன் கேட்ட ஏடு, கருப்பினத்தார் வரலாறு பற்றி ஆர்னா பாண்டெம்ப்ஸ் எழுதியது. இங்கில்லை, மாநில நூல் நிலையத்திலிருந்து தருவிக்கிறேன் என்றார் உதவியாளர். அறையிலே வாசகர்க்கென்று இருந்தது ஒரே ஒரு நாற்காலி. பிரௌன் அதிலே அமர்ந்தார். நால்வர் பக்கத்தில் நின்றனர். பேசவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம். காவல் அதிகாரி வந்தார். பிரௌனுக்கு 150 டாலர் அபராதம் அல்லது 90 நாள் சிறை. மற்றவர்க்கு 35 டாலர் அல்லது 15 நாள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1966-ல் நீதிபதி ஏப் போர்ட்டாஸ் தலைமைத் தீர்ப்பை எழுதினார். ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஓசையின்றி ஓரிடத்தில் இருப்பதும் எதிர்ப்பை வெளியிடும் உரிமையில் அடங்கும் என்றது தீர்ப்பு. ஒரே ஒரு வாக்கு வேறுபாடு! அந்த ஒரு வாக்கு மாறியிருந்தால், நூல் நிலையத்து நாற்காலியில் அமர்ந்தது குற்றமாகவே இருந்திருக்கும். கேட்ட ஏடு என்னவாயிற்று? அஞ்சலிலே பிரௌனுக்கு அனுப்பினார்கள். திருப்பித் தருவதானால் அஞ்சலிலே அனுப்பு, அல்லது நீல வண்டியிலே கொடு என்ற குறிப்போடு.

இவ்வளவும் நடந்தபோது நூலகர்களின் பெருஞ்சங்கம் என்ன செய்தது என்று கேட்போம். 1876-ல் தோன்றியது அமெரிக்க நூலகச் சங்கம். 1936-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மாநாடு கூட்டியபோது, கருப்பின நூலகர்களைத் தனி வரிசையிலே உட்காரவைத்தது. 1939-ல், அலெக்சாந்திரியாவிலே ஐவர் கைதான அதே ஆண்டில், நூலக உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. அழகிய சாசனம்! கைதான ஐவர் அதன் கண்ணிலே படவில்லை. மாணவர் போராட்டக் காலத்திலும் பெரும்பாலும் வாய் மூடியிருந்தது. அந்த மௌனத்துக்கு அது மன்னிப்புக் கேட்டது 2018-ல். அதே ஆண்டில்தான் வேய்ன் வீகண்டும் ஷெர்லி வீகண்டும் தென்மாநில நூல் நிலையங்களின் கதவு திறந்த வரலாற்றை முழு நூலாக எழுதி வெளியிட்டனர். உணவு விடுதிப் போராட்டத்தையும் பேருந்துப் போராட்டத்தையும் எல்லோரும் அறிவர். நூலகப் போராட்டத்தை நூலகர்களே மறந்துபோயிருந்தனர். மறதியும் ஒரு கதவடைப்புத்தான்.

கதவு திறந்தது, நாற்காலி கிடைத்தது, அத்தோடு தீர்ந்ததா? அலமாரியிலே ஏட்டுக்கு இடம் எங்கே என்று பாருங்கள். நம் நாட்டுக் கல்லூரி நூல் நிலையங்கள் பலவற்றிலும் ஏட்டின் முதுகிலே ஒட்டியிருக்கும் எண்கள் மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-ல் வகுத்தவை. அறிவை எல்லாம் பத்தாகப் பிரித்தவர். மதத்துக்கு 200. அதிலே பெரும்பகுதி கிறித்தவத்துக்கு. உலகிலே மற்ற மதங்கள் அத்தனைக்கும் 290 என்ற ஒரே மூலை! எந்த மதத்துக்கு எத்தனை எண் என்பது நமக்குக் கவலையில்லை. ஆனால் ஓர் ஊர்க்காரர் தம் வீட்டை நடுவிலே வைத்து உலகப் படம் வரைந்தார் என்பதை அது காட்டுகிறதல்லவா? இவர் நடத்திய ஏரிக்கரைச் சங்கத்திலே யூதருக்கும் கருப்பருக்கும் இடமில்லை. நூலகச் சங்கம் தன் உயர்ந்த பதக்கத்திலிருந்து அவர் பெயரை 2019-ல்தான் நீக்கியது.

டோரதி போர்ட்டர் என்ற கருப்பின நூலகர் 1930 முதல் வாஷிங்டனிலே ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பிற நூல் நிலையங்களிலே கருப்பர் எழுதிய ஏடுகளை எங்கே வைத்தார்கள் என்று கண்டு திகைத்தார். அடிமை முறைக்கு ஓர் எண் 326. குடியேற்றத்துக்கு ஓர் எண் 325. கருப்பர் எழுதியது எதுவாயினும் அந்த இரண்டுக்குள் ஒன்றிலே திணித்தார்கள். கவிதை எழுதினாலும் அடிமைப் பகுதி, கதை எழுதினாலும் குடியேற்றப் பகுதி! எழுதியவன் யார் என்பதே முதற்கேள்வி. எழுதியது என்ன என்பது பிறகு. போர்ட்டர் அந்த எண்களைத் தள்ளினார். கவிதையைக் கவிதையோடும் இசையை இசையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். எவரும் கைதாகாத, எவரும் படம் பிடிக்காத கிளர்ச்சி அது. பென்சிலால் நடத்திய கிளர்ச்சி.

பழங்கதை பேசுகிறோம் என்று எவரேனும் எண்ணினால், அண்மைச் செய்திக்கு வருவோம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளிலே ஏடுகள் நீக்கப்பட்ட, முடக்கப்பட்ட நிகழ்ச்சிகள் 10,000-க்கு மேல் என்று எழுத்துரிமைக்காக உழைக்கும் பென் அமெரிக்கா அமைப்பு கணக்கெடுத்தது. நீக்கப்பட்டவற்றுள் கருப்பினத்தாரைப் பற்றியவை மிகுதி. ஆள் உள்ளே வரலாம். அவன் வரலாறு வெளியே போகட்டும் என்பது இன்றைய முறை.

டெக்சாஸ் மாநிலத்து லானோ மாவட்டத்திலே பொது நூல் நிலையங்களிலிருந்து 2021-ல் ஏடுகள் மறையத் தொடங்கின. வழக்குக்கு வந்தவை பதினேழு. கு கிளக்ஸ் கிளான் என்ற வெறிக் கூட்டத்தின் வரலாற்றை இளைஞர்க்குச் சொல்லும் ஏடு ஒன்று. இசபெல் வில்கர்சன் என்ற கருப்பினப் பெண்மணி 2020-ல் வெளியிட்ட ஏடு மற்றொன்று. அமெரிக்க நிறவெறியையும் இட்லரின் ஜெர்மனியையும் இந்தியச் சாதி முறையையும் ஒரே தராசிலே நிறுத்தும் அந்த ஏட்டின் பெயரே 'சாதி' என்பதுதான். ஏழு குடிமக்கள் 2022-ல் வழக்குத் தொடுத்தனர். ஏடுகளை நீக்க மறுத்த ஒரு கிளை நூலகர் வேலையை இழந்தார்.

2023 மார்ச்சில் கீழ் நீதிமன்றம், ஏடுகளைத் திரும்ப வை என்றது. ஏப்ரலில் மாவட்ட ஆட்சிக் குழு கூடியது. எதற்குத் தெரியுமா? ஏடுகளை வைப்பதா, நூல் நிலையங்களையே மூடிவிடுவதா என்று பேசுவதற்கு! டான்வில் செய்ததை அறுபத்து மூன்று ஆண்டு கழித்து நினைத்துப் பார்த்தார்கள். மக்கள் திரண்டு வந்து பேசினர், மூடவில்லை. ஆனால் மேல்முறையீட்டு மன்றம் 2025 மேயில் தீர்ப்புச் சொன்னது. நூல் நிலையத்திலே ஏட்டை நீக்குவதை எதிர்த்துக் கேட்கக் குடிமகனுக்கு உரிமையில்லை என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அந்த மன்றத்தின் ஆட்சி எல்லைக்குள்ளே டெக்சாஸும் இருக்கிறது, மிசிசிப்பியும் இருக்கிறது, கிளிண்டன் ஊர் இருக்கும் லூசியானாவும் இருக்கிறது.

வழக்கு நடந்தபோது மாவட்டத்தின் தரப்பிலே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பதினேழு ஏடுகளையும் ஒரு வழக்கறிஞர் வாங்கி நன்கொடையாகத் தந்தார். அவை நூல் நிலையத்துக்குள்ளேயே இருந்தன. அலமாரியிலே இல்லை, நூற்பட்டியலிலும் இல்லை. தெரிந்து வந்து, பெயர் சொல்லிக் கேட்பவருக்கு, உள்ளிருந்து எடுத்துத் தருவார்களாம்.